வயது வந்த பிறகு கார் ஓட்டப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

முப்பதுக்கு மேல், நாற்பதுக்கு மேல் முதல்முறையாக ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களுக்குத் துணையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. சொந்தக்காரர்கள், அலுவலகத்து ஆட்கள், எங்கள் அபார்ட்மெண்ட் அக்காமார்கள் என்று யாராவது ஒருவர் எப்போதும் பழகிக்கொண்டிருப்பார். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். ஊர் கோவை என்பதால் சாலை உதாரணங்கள் இந்தப் பக்கத்தவை. சட்ட விதிகள் இந்தியா முழுவதற்கும் பொது.

எனக்கு 46 வயசாச்சு. இனிமே கத்துக்கிட்டா வருமா?

வரும். லைசென்ஸ் எடுக்கக் குறைந்தபட்ச வயது 18 என்றுதான் சட்டம் சொல்கிறது, மேல் வரம்பு கிடையாது. 18 வயதுப் பையனுக்குக் கை, கால் சீக்கிரம் படிந்துவிடும், பயம் என்பது மருந்துக்கும் இருக்காது. உங்களுக்குக் கை, கால் படியக் கொஞ்சம் நாளாகும். ஆனால் பல வருடம் ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் போய், எந்தச் சந்திலிருந்து ஆட்டோ திடீரென்று மூக்கை நீட்டும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அது எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத பாடம்.

40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழை டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். கண்ணைப் பற்றி அதில் வரும் கேள்வியை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படியுங்கள். கண்ணாடி போடுகிறவர் போட்டுக்கொண்டே படிக்கலாம். படிக்கத் தடுமாறினால் டிரைவிங் ஸ்கூலுக்கு முன்னால் கண் டாக்டரிடம் போங்கள்.

முதல்ல எல்.எல்.ஆர் எடுக்கணுமா, ஓட்டப் பழகிட்டு எடுக்கலாமா?

முதலில் எல்.எல்.ஆர் என்ற பழகுநர் உரிமம்தான். அது இல்லாமல் பொதுச் சாலையில் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பம் போட வேண்டும். கணினியில் ஒரு சின்னத் தேர்வு உண்டு, தமிழிலேயே எழுதலாம், 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சாலைக் குறியீடுகளை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும், நாடு முழுவதும் செல்லும். எடுத்த 30 நாளுக்குப் பிறகு, காலாவதியாவதற்குள் ஓட்டுநர் தேர்வுக்குப் போக வேண்டும். நல்ல நாள் பார்த்து எல்.எல்.ஆர் எடுத்துவிட்டு ஐந்து மாதம் வகுப்புக்கே போகாதவர்கள் நிறைய. வகுப்பில் சேரும் வாரத்தில் எடுங்கள்.

டிரைவிங் ஸ்கூல் போகணுமா? எங்க வீட்டுக்காரரே நல்லா ஓட்டுவார், அவர் சொல்லிக்கொடுத்தா போதாதா?

நன்றாக ஓட்டுவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. பல வருடம் ஓட்டியவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது. அவருக்கு அது தானாக நடக்கிறது. நீங்கள் தடுமாறும்போது அவர் சொல்வதெல்லாம் "பிரேக்! பிரேக்!" என்பதுதான். இரண்டாம் நாள் சண்டை, மூன்றாம் நாள் "எனக்கு இதெல்லாம் வராது". கணவன், மனைவி, அப்பா, அண்ணன் யாரானாலும் முதல் மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. அடிப்படை வந்த பிறகு துணைக்கு உட்காரட்டும்.

பள்ளி வண்டியில் பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். இந்த இரட்டைக் கட்டுப்பாடு ஆரம்பத்தில் உயிர் காக்கும், பிறகு ஏமாற்றும். பல நாள் உங்களுக்கே தெரியாமல் கிளட்ச்சை அவர்தான் மிதித்துக்கொண்டிருப்பார். நீங்கள் வண்டி அழகாக நகர்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். முதல் வாரம் முடிந்ததும், "சார், இன்னைக்கு உங்க காலை எடுத்துடுங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்" என்று கேளுங்கள். அன்றுதான் உங்கள் பயிற்சி தொடங்குகிறது.

சேரும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேரை ஏற்றுவார்கள், ஸ்டீயரிங் உங்கள் கையில் எத்தனை நிமிடம் இருக்கும் என்று கேளுங்கள். சொந்த உபயோக வண்டிப் பயிற்சிக்குக் குறைந்தது 10 மணி நேரம் நிஜமாக ஓட்ட வைக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பின் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்த நேரம் அதில் சேராது.

சீட்டை எப்படி வைக்கணும்? எனக்கு பானெட்டே தெரிய மாட்டேங்குது.

கிளட்ச்சைத் தரை வரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். முதுகு சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். உயரம் போதவில்லை என்றால் சீட்டை உயர்த்தும் நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வண்டியில் நழுவாத கெட்டியான குஷன் போடலாம். தலையணை வேண்டாம், பிரேக் அடிக்கும்போது ஆளோடு வழுக்கும். ஹவாய் செருப்பும் வேண்டாம், பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

கிளட்ச் விடும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆயிடுது. என்ன தப்பு பண்றேன்?

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். என்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டையும் சேர்ப்பது ஒரு தட்டு. பெடலை மிதித்தால் தட்டு விலகும், விட்டால் ஒட்டும். படக்கென்று விட்டால், சுற்றுகிற என்ஜினை நிற்கிற சக்கரம் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதுதான் ஆஃப். மெல்ல விட்டால், தட்டு வழுக்கிக்கொண்டே பிடித்து சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேகத்துக்கு இழுத்து வரும். தட்டு பிடிக்கத் தொடங்கும் அந்த இடத்தைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி. காலியான சமதள மைதானம் போதும். முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாமல், கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் தணியும், ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு வரும், வண்டி தானாக ஊர்ந்துவிடும். அங்கே காலை அப்படியே நிறுத்துங்கள். வண்டி நன்றாக நகர்ந்த பிறகுதான் மீதியை விட வேண்டும். ஆஃப் ஆகிறவர்களில் பெரும்பாலானோர் செய்யும் தப்பு, வண்டி நகர்ந்ததும் "அப்பாடா" என்று காலை மொத்தமாக எடுத்துவிடுவது. குதிகால் தரையில் ஊன்றி இருந்தால் கால் நடுங்காது.

இந்தப் பயிற்சிக்கு மட்டும் இரண்டு மூன்று காலை ஒதுக்குங்கள். கார் ஓட்டப் பழகுவதில் கடினமான பகுதி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் பழக்கம்.

சிக்னல்ல ஆஃப் ஆகி பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிச்சா கை கால் உதறுது. என்ன செய்யறது?

ஹாரன் இடிக்காது. நீங்கள் நிற்கிற வண்டிக்குள் இருக்கிறீர்கள், இதைவிடப் பத்திரமான நிலை சாலையில் இல்லை. செய்ய வேண்டியது ஒரே வரிசை: பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதித்து, கியர் முதலுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து, சாவியைத் திருப்பி, மேலே சொன்ன ஹாஃப் கிளட்ச்சுக்கு வந்து நகர்வது. பாதிப் பேர் இரண்டாம் கியரிலேயே கிளப்பப் பார்த்து மறுபடி ஆஃப் ஆவார்கள். பதற்றத்தில் கியரைப் பார்க்காததுதான் காரணம்.

ஆபத்து ஆஃப் ஆவதில் இல்லை, ஹாரனுக்குப் பயந்து அவசரமாகக் கிளம்புவதில் இருக்கிறது. குறுக்கே இன்னும் ஒருவர் கடந்துகொண்டிருப்பார். காந்திபுரத்தில் பச்சை விழுவதற்கு முன்பே ஹாரன் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்களுக்காக அடிக்கவில்லை, ஊருக்கே அடிக்கிறார்கள். எல் போர்டை வெட்கப்படாமல் ஒட்டுங்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து, முன்னும் பின்னும். எல்.எல்.ஆர் காலத்தில் அது கட்டாயம். லைசென்ஸ் வந்த பிறகும் சில மாதம் பின்னால் விட்டு வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

பைக் நல்லா ஓட்டுவேன். ஆனா கார்ல இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்குன்னே தெரியல.

பைக்கில் நீங்கள் வண்டியின் நடுவில் இருக்கிறீர்கள், காரில் வலது ஓரத்தில். அதனால் நடுவில் போகிறோம் என்று நினைத்து இடதுபுறம் சாய்ந்து போவீர்கள். சிறிய காரே கண்ணாடிகளைச் சேர்க்காமல் ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மீட்டர் அகலம், அதில் பெரும்பகுதி உங்களுக்கு இடதுபுறம் இருக்கிறது.

சாலையோர வெள்ளைக் கோடு உள்ள இடத்தில், இடது சக்கரம் கோட்டை உரசும்படி வண்டியை நிறுத்தி, ஒருவரை இறங்கிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இப்போது உங்கள் சீட்டிலிருந்து அந்தக் கோடு பானெட்டின் எந்த இடத்தில் மறைகிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் பானெட்டின் நடுவுக்குப் பக்கத்தில் வரும். அதுதான் உங்கள் இடது சக்கரத்தின் அடையாளம். உங்கள் உயரத்துக்கும் உங்கள் வண்டிக்கும் மட்டும் பொருந்தும், சீட்டை மாற்றினால் மாறும். இன்னொரு பைக் பழக்கத்தையும் விட வேண்டும்: கிடைத்த சந்தில் நுழைவது.

பேசாம ஆட்டோமேட்டிக் வாங்கிட்டா கிளட்ச் தொல்லையே இல்லையே?

உண்மைதான், நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது நல்ல முடிவு. நம் நாட்டு லைசென்ஸில் மேனுவல், ஆட்டோமேட்டிக் என்று தனித்தனி இல்லை. இருந்தாலும் கிளட்ச் வண்டியில் பழகிவிட்டுப் போனால் பிறகு எந்த வண்டியும் எடுக்கலாம்.

ஆட்டோமேட்டிக்கின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே வண்டி ஊரும். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுவரில் போய்த்தான் நிற்கும், கிளட்ச் வண்டி மாதிரி ஆஃப் ஆகிக் காப்பாற்றாது. அதனால் இடது காலை ஓரமாக வைத்துவிடுங்கள், பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு மட்டும். குதிகாலை பிரேக்குக்கு நேராக ஊன்றி, பாதத்தை மட்டும் ஆக்சிலரேட்டர் பக்கம் திருப்புங்கள். இன்னொன்று, விலை குறைந்த ஏ.எம்.டி வண்டிகளில் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் இயந்திரம். மேட்டில் பிரேக்கைச் சில நொடி தானே பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு வசதி இல்லாவிட்டால் மேட்டில் அதுவும் பின்னால் வரும்.

ஆர்.டி.ஓ ஆபீஸ்ல என்ன பார்ப்பாங்க? ஃபெயில் ஆனா?

டெஸ்ட் களம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் பார்ப்பது ஒன்றுதான்: கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டுக் கிளம்புகிறீர்களா, கியரைச் சரியாக மாற்றுகிறீர்களா, திரும்பும்போது சைகை உண்டா, ரிவர்ஸ் எடுக்கத் தெரிகிறதா, சொன்ன இடத்தில் நிறுத்துகிறீர்களா. வண்டியில் ஏறியதும் யாரும் சொல்லாமலே சீட் பெல்ட் போடுங்கள். நன்றாக ஓட்டியும் அதை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். "எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீங்க வந்து உட்கார்ந்தா போதும்" என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். அட்டை கிடைக்கும், ஓட்ட வராது.

லைசென்ஸ் வந்து ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் தனியா எடுக்க பயமா இருக்கு.

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. லைசென்ஸ் வந்த மறுநாளே பள்ளி வண்டி போய்விடுகிறது, பக்கத்தில் இன்னொரு பிரேக்கும் போய்விடுகிறது. வீட்டு வண்டியின் கிளட்ச் வேறு மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒரு மாதமாகும், அப்புறம் ஒரு வருடம்.

ஒரே வழியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து கோயிலோ, காய்கறிச் சந்தையோ, சில கிலோமீட்டருக்குள் ஓர் இடம். ஞாயிறு காலை ஆறரைக்கு அதே வழியில் போய் அதே வழியில் வாருங்கள். எந்த இடத்தில் குழி, எங்கே ஸ்பீடு பிரேக்கர், எங்கே கியர் குறைக்க வேண்டும் என்று மனப்பாடமாகும்வரை வேறு வழி வேண்டாம். பிறகு அதே வழியில் எட்டு மணிக்குப் போங்கள், பிறகு சாயங்காலம். இடத்தையும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் சில முறை பேசாமல் உட்காரத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பேசாமல் என்பது முக்கியம்.

மேட்டுல நிறுத்தினா வண்டி பின்னாடி போகுது.

ஹேண்ட் பிரேக்கை நம்புங்கள். மேம்பால ஏற்றத்தில் வண்டி நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வையுங்கள். கிளம்பும்போது முதல் கியர், கிளட்ச்சை ஹாஃப் கிளட்ச் வரை விடுங்கள், ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கூடுதலாக. வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும். அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். முன்பக்கம் தூக்காமல் இறக்காதீர்கள்.

சிலர் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள், பார்க்கக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அதற்குள் அந்தத் தட்டு வழுக்கி வழுக்கிச் சூடேறித் தேய்கிறது. கருகல் வாசனை வந்தால் அதுதான்.

ரிவர்ஸ்ல ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திருப்பணும்னே குழம்புது.

வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்புங்கள். அவ்வளவுதான். மறக்கக்கூடாதது முன்பக்கத்தை. பின்பக்கம் இடப்புறம் போனால் மூக்கு வலப்புறம் வீசும், பக்கத்து வண்டியை உரசுவது அதுதான். ஆக்சிலரேட்டர் தேவையே இல்லை, ஹாஃப் கிளட்ச் ஊர்தலே போதும். கேமரா இருந்தாலும் ஏறும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள். பின்னால் குழந்தையோ நாயோ உட்கார்ந்திருந்தால் சீட்டிலிருந்து தெரியாது.

நைட்ல எதிர் வண்டி லைட் கண்ணைக் கூசுது, ரோடே தெரியல.

எதிர் விளக்கைப் பார்க்காமல் உங்கள் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துப் போங்கள். பழிக்குப் பழி என்று நீங்களும் ஹை பீம் போட்டால் இரண்டு பேருக்கும் கண் தெரியாது. முன் கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடையுங்கள், பாதி கூச்சம் அந்த அழுக்கால்தான்.

ரவுண்டானாவுல யார் முதல்ல போகணும்? நேரா போறதுக்கு நாலு இண்டிகேட்டரும் போடலாமா?

கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யு-டர்னும் வைத்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. ஏற்கெனவே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதலிடம். உங்கள் வலப்புறத்தைப் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் நுழையுங்கள். வெளியேறும் முன் இடது இண்டிகேட்டர்.

நாலு இண்டிகேட்டர் நின்றுபோன வண்டிக்கு. நேராகப் போகிறவர் அதைப் போட்டால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்க விளக்கு மட்டும் தெரியும், நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நினைப்பார். மழையில் ஓடும்போதும் அது வேண்டாம், ஹெட்லைட் போதும்.

ஹைவேல சடன் பிரேக் போட்டேன், பெடல் தடதடன்னு உதைச்சுது. பிரேக் போயிடுச்சா?

போகவில்லை, அது ஏ.பி.எஸ் வேலை செய்யும் அறிகுறி. 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் கார்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தமாக மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகலாம்.

ஆனால் சடன் பிரேக் ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக மூன்று எண்ணுங்கள், அதற்குமுன் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்தால் ரொம்ப நெருக்கம். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள். நடுவில் யாராவது வந்து நுழைவார்கள், நுழையட்டும்.

ஊட்டிக்கு ஓட்டிட்டுப் போகலாமா?

மேட்டுக் கிளம்பல் கைவந்த பிறகு போகலாம். முதலில் மருதமலைச் சாலையில் ஏறி இறங்கிப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் சிக்கல். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், என்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் அறிவாளிகளின் பேச்சைக் கேட்காதீர்கள். குறுகிய இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், அது விதி. மேட்டுப்பாளையம், குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. புதியவர்களுக்குக் கல்லட்டி வேண்டவே வேண்டாம்.

எல்.எல்.ஆர் இருக்கே, பக்கத்துத் தெருவரை தனியா எடுத்தா என்ன?

கூடாது. லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்த முடிகிறபடி பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. அபராதம் 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக 5,000. அதைவிடப் பெரிய தலைவலி, ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கக்கூடும்.

இந்த லைசென்ஸை வெச்சு டாக்ஸி ஓட்டலாமா?

7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை ஓட்ட, கார் ஓட்ட வாங்கும் எல்.எம்.வி (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இது ஓட்டுகிறவருக்கான தகுதி மட்டும். வண்டிக்குப் பெர்மிட், தகுதிச் சான்று, வாடகை வண்டிக்கான இன்சூரன்ஸ் எல்லாம் தனியே வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுவது வேறு குற்றம்.

எங்கேயாவது இடிச்சுட்டா?

யாருக்காவது அடிபட்டிருந்தால் வண்டியை நிறுத்தி, 108-ஐ அழைத்து, அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் சட்டப்படியான கடமை. காவல் நிலையத்தில் உடனே, முடியாதபோது 24 மணி நேரத்துக்குள், தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் மிரட்டி உயிருக்குப் பயம் என்றால் நேராகக் காவல் நிலையத்துக்கே போகலாம்.

வெறும் உரசல் என்றால் இரண்டு வண்டியையும் நம்பர் பிளேட் தெரியப் படம் எடுத்துக்கொண்டு ஓரம் கட்டுங்கள், நடுரோட்டில் பஞ்சாயத்து வேண்டாம். சின்னக் கீறலுக்கு இன்சூரன்ஸில் கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு, உங்கள் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத் தள்ளுபடி, வருடம் ஏற ஏற 50 சதவீதம் வரை போகும். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது மொத்தமும் போய்விடும். டிங்கரிங் கடைக்காரர் சொல்லும் தொகை அந்தத் தள்ளுபடியைவிடக் குறைவாக இருந்தால் கையிலிருந்து கொடுத்துவிடுவதே லாபம். முதல் வருடம் முடியும்வரை பம்பருக்கு பெயிண்ட் அடிக்கவும் அவசரப்படாதீர்கள், இன்னும் ஒன்றிரண்டு கீறல் வரும்.